உட்காரும் நாற்காலியையும் அளந்து வாங்குவோம்



நம் தொழிலில் பார்க்காமலும் அளக்காமலும் வாங்குகிற பொருள் எதுவும் இல்லை. துவரம் பருப்பு மூட்டை வந்து இறங்கினால் குத்தூசி போட்டு மாதிரி எடுத்து உள்ளங்கையில் பரப்பிப் பார்க்கிறோம். மிளகாயை உடைத்துப் பார்க்கிறோம். எடையில் நூறு கிராம் குறைந்தாலும் லாரிக்காரரை நிறுத்தி வைத்துக் கேட்கிறோம். ஆனால் தினசரி பத்து மணி நேரம் நாம் உட்காரும் நாற்காலியை எப்படி வாங்குகிறோம்? கடைக்குப் போகிறோம், பளபளப்பாக இருப்பதைக் காட்டுகிறோம், விலை பேசி ஆட்டோவில் ஏற்றுகிறோம். நானும் அப்படித்தான் வாங்கினேன். அதனால் பட்ட கஷ்டத்தையும், பிறகு தெரிந்துகொண்ட விவரங்களையும் நம் பத்திரிகையில் எழுதினால் நாலு பேருக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன்.

காந்தி மார்க்கெட் பக்கம் எங்களுக்குப் பருப்பு, மளிகை மொத்த வியாபாரம். வீடு ஸ்ரீரங்கத்தில். நான் படித்தது பழைய எஸ்.எஸ்.எல்.சி. வரைதான். மருத்துவம் படித்தவன் அல்ல. ஆகவே இதில் வைத்தியம் எதுவும் சொல்லப் போவதில்லை. ஒரு சரக்கை எப்படிப் பார்த்து வாங்க வேண்டும் என்பதை மட்டுமே சொல்கிறேன்.

வீட்டுக்குள் வந்த ஆபீஸ்

என் தகப்பனார் காலத்தில் மண்டியில் நாற்காலியே கிடையாது. உயரமான பலகைமேடை, அதன்மேல் ஜமக்காளம், முதுகுக்குத் திண்டு, முன்னால் கணக்குப்பிள்ளையின் சாய்வு மேசைப்பெட்டி. சம்மணம் போட்டு உட்கார்ந்து பேரேடு எழுதுவார்கள். ஆனால் யாரும் தொடர்ந்து அரை மணி நேரம் உட்கார்ந்ததில்லை. மாதிரி பார்க்க எழுவார்கள், எடை பார்க்க எழுவார்கள், தெரிந்தவர் வந்தால் வாசல்வரை போய்ப் பேசுவார்கள். ராத்திரி கல்லாவைப் பூட்டினால் கணக்கும் அங்கேயே முடிந்துவிடும்.

2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்த பிறகு இந்த முறை மாறிவிட்டது. கணக்கு கம்ப்யூட்டருக்குப் போயிற்று. மாதம் 11-ஆம் தேதிக்கு ஒரு படிவம், 20-ஆம் தேதிக்கு ஒரு படிவம் என்று தேதி வைத்துப் பார்க்க வேண்டியதாயிற்று. கடையில் ஆள் வந்து போய்க்கொண்டிருக்கும்போது அந்த வேலை ஓடாது. ஆகவே நம்மில் பலர் வீட்டிலேயே ஒரு மூலையில் மேசை போட்டு, ராத்திரி எட்டு மணிக்கு மேல் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறோம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது இந்த மூலை நிரந்தர ஆபீசாகவே ஆகிவிட்டது. எங்கள் வீட்டில் அப்போது இரண்டு ஆபீஸ். ஒன்று எனது. மற்றொன்று சென்னை கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் என் மருமகளுடையது.

எனக்கு இடுப்பு வலி ஆரம்பித்தது. சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்காருவதால்தான் வலிக்கிறது என்று எண்ணி, திருச்சியில் ஒரு கடைக்குப் போய்ப் பெரிய சுழல் நாற்காலி ஒன்று வாங்கினேன். கறுப்பு ரெக்சின், தலைவரைக்கும் முதுகு, இரண்டு பக்கமும் தடித்த கைப்பிடி. கடைக்காரர் அதை 'பாஸ் சேர்' என்றார். பார்க்க மரியாதையாக இருந்தது. ஒரு மாதத்தில் இடுப்பு வலியோடு தோள்பட்டை வலியும் சேர்ந்துகொண்டது. சித்திரை வெயிலில் ரெக்சின் முதுகோடு ஒட்டிக்கொண்டது. இரண்டு வருஷத்தில் பாளம் பாளமாக உரிந்து வேட்டியெல்லாம் கறுப்புத் துணுக்கு.

அந்த நாற்காலியை விற்றவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் என்னை ஏமாற்றவில்லை. நான் கேட்டதைக் கொடுத்தார். என்ன கேட்க வேண்டும் என்பது எனக்குத் தெரியவில்லை.

மருமகள் எடுத்த இஞ்சு டேப்

ஒரு ராத்திரி நான் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்ததைப் பார்த்த மருமகள், "நாற்காலியை மட்டும் மாத்தினா போதாது மாமா. முதல்ல உங்களை அளக்கணும், அப்புறம் மேசையை அளக்கணும்" என்றாள். தையல் பெட்டியிலிருந்து டேப்பை எடுத்து வந்தாள். என்னை மணைப்பலகைபோலக் கெட்டியான பெஞ்சில் உட்கார வைத்து மூன்று அளவு எடுத்தாள். அந்த மூன்று அளவும் இந்தக் கட்டுரைக்கு அஸ்திவாரம். ஆகவே விவரமாகச் சொல்கிறேன்.

முதல் அளவு: பாதம் தரையில் முழுவதும் பதிய உட்கார்ந்து, தரையிலிருந்து முழங்கால் மடிப்பின் உள்பக்கம் வரை. எனக்கு 16½ அங்குலம். இருக்கையின் உயரம் இதுவாக இருக்க வேண்டும். இதைவிட உயர்ந்தால் கால் தொங்கும். தொடையின் அடிப்பாகம் இருக்கை விளிம்பில் அழுந்தி ரத்த ஓட்டம் தடைப்படும், கால் மரத்துப் போகும். இதைவிட மிகவும் தாழ்ந்தால் இடுப்பு சரிந்து முதுகு வளையும்.

இரண்டாவது அளவு: முதுகு சுவரில் ஒட்டியிருக்க, பின்புறத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை. எனக்கு 18 அங்குலம். இருக்கையின் ஆழம் இதைவிட இரண்டு அங்குலம் குறைவாக, அதாவது 16 அங்குலமாக இருக்க வேண்டும். முதுகு சாய்மானத்தில் முழுவதும் பட உட்கார்ந்த பிறகு, இருக்கை விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவே மூன்று விரல் நுழைய இடம் வேண்டும். என் பாஸ் சேரின் ஆழம் 20 அங்குலம்! முதுகு சாய்மானத்தைத் தொட வேண்டுமானால் கால் தரையில் படாது. கால் தரையில் பட வேண்டுமானால் முதுகு சாய்மானத்தைத் தொடாது. இரண்டு வருஷம் நான் அந்தப் பெரிய நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

மூன்றாவது அளவு: கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு முழங்கையை மடக்கி, பெஞ்சிலிருந்து முழங்கை வரை. எனக்கு 8½ அங்குலம்.

இப்போது நமக்குப் பழக்கமான கூட்டல் கணக்கு. இருக்கை உயரம் 16½, முழங்கை 8½, ஆக மொத்தம் 25 அங்குலம். நான் தட்டச்சு செய்யும் பலகை ஏறத்தாழ இந்த உயரத்தில் இருந்தால்தான் தோள் தளர்வாக இருக்கும். என் மேசை எவ்வளவு? நம் ஊர் மேசைகள் வழக்கமாக இருப்பதுபோல 30 அங்குலம். ஐந்து அங்குலம் அதிகம். அதனால் நான் ஒவ்வொரு ராத்திரியும் இரண்டு தோளையும் காதுப் பக்கம் தூக்கி வைத்துக்கொண்டே கணக்குப் போட்டிருக்கிறேன். தோள் வலி வராமல் என்ன செய்யும்?

மேசையை முதலில் பாருங்கள்

இதற்கு மூன்று வழி உண்டு. மேசைக்கு அடியில் இழுப்பறைபோல வந்து போகும் கீபோர்டுத் தட்டு பொருத்தலாம். மர மேசையானால் தச்சரைக் கூப்பிட்டுக் காலைக் குறைக்கலாம். இரண்டும் முடியாவிட்டால் நாற்காலியை உயர்த்திக்கொண்டு, காலுக்கு அடியில் பலகை போட்டுக்கொள்ளலாம்.

நான் இரண்டு வழியைச் சேர்த்துச் செய்தேன். மேசைக் காலில் இரண்டு அங்குலம் அறுத்தோம். மேசை 28 அங்குலம் ஆயிற்று. நாற்காலியை 19½-க்கு ஏற்றினேன். முழங்கை 28-க்கு வந்தது. கால் தரைக்கு மேல் மூன்று அங்குலம் நின்றதால், மூன்று அங்குல உயரத்தில் மரப்பலகை ஒன்று அடித்துப் போட்டேன். தச்சருக்குக் கொடுத்த கூலி நாற்காலி விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. புது நாற்காலி வீட்டுக்கு வருவதற்கு முன்பே தோள் வலி பாதி குறைந்தது.

கம்ப்யூட்டர் திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. திரையின் மேல் விளிம்பு கண்மட்டத்தில், ஒரு கை நீளத் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது பொது விதி. மடியில் வைக்கும் லேப்டாப்பானால் அதை உயர்த்தி வைத்து, தனி கீபோர்டு இணைத்துக்கொள்ள வேண்டும். மருமகளின் லேப்டாப்புக்கு அடியில் இப்போது எங்கள் மண்டியின் பழைய பேரேடுகள் நான்கு இருக்கின்றன. ஆனால் என்னைப்போல் மேலும் கீழுமாக இரண்டு பவர் உள்ள கண்ணாடி போடுகிறவர்களுக்கு இந்த விதி பொருந்தாது. நாம் கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகப் பார்ப்பதால், திரை உயரமாக இருந்தால் மோவாயைத் தூக்கிக் கழுத்தைப் பின்னுக்குச் சாய்க்க வேண்டிவரும். நமக்குத் திரை தாழ்வாக இருப்பதே நல்லது.

முதுகுக்கு என்ன நடக்கிறது?

முதுகெலும்பின் ஒவ்வொரு எலும்புக்கும் நடுவே டிஸ்க் என்று டாக்டர்கள் சொல்லும் மெத்தைபோன்ற வட்டு இருக்கிறது. ஸ்வீடன் நாட்டு எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாகெம்சன் 1960-களில் உயிருள்ள மனிதர்களின் இடுப்பு வட்டுக்குள் ஊசி செலுத்தி அதில் ஏறும் அழுத்தத்தை அளந்தார். சாய்மானம் இல்லாமல் உட்காரும்போது, நிற்பதைவிட அழுத்தம் அதிகம் என்று கண்டார். பின்னால் வந்த அளவீடுகள் அந்த வித்தியாசம் அவ்வளவு பெரியதல்ல என்று திருத்தின. ஆனால் முன்னால் குனிந்து உட்கார்ந்தால் அழுத்தம் ஏறுகிறது, பின்னால் சாய்ந்தால் இறங்குகிறது என்பதில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். நாற்காலியின் சாய்மானம் அலங்காரத்துக்கு அல்ல என்பதற்கு இதுவே ஆதாரம். என் தகப்பனார் முதுகுக்கு வைத்திருந்த திண்டும் இதே காரியத்தைத்தான் செய்தது.

இன்று கடைகளில் 'எர்கோனாமிக் சேர்' என்று எழுதி விற்கிறார்கள். வேலையை மனித உடம்புக்குத் தக்கபடி அமைக்கும் சாஸ்திரத்துக்கு எர்கோனாமிக்ஸ் என்று பெயர். அட்டைப் பெட்டியில் அந்த வார்த்தை இருப்பதால் மட்டும் உள்ளே இருப்பது உங்களுக்குப் பொருந்தும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் ஹெர்மன் மில்லர் கம்பெனி 1994-ல் ஏரான் என்ற பெயரில் ஒரு நாற்காலி கொண்டுவந்தது. உலகமெங்கும் பேசப்பட்ட அந்த நாற்காலியையே சட்டை மாதிரி மூன்று அளவுகளில் செய்தார்கள். அவர்களே ஒரே அளவு எல்லோருக்கும் பொருந்தாது என்று வைத்திருக்கும்போது, நாம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா? நம் நாட்டிலும் ஆமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம், தேப்குமார் சக்ரவர்த்தி என்ற பேராசிரியர் தொகுத்த இந்தியர்களின் உடல் அளவுகளை 1997-ல் நூலாகவே வெளியிட்டிருக்கிறது. வெளிநாட்டு அளவுக்குச் செய்த நாற்காலி ஐந்தடி நாலங்குலக்காரனுக்குக் காலைத் தொங்கவிடத்தான் செய்யும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

1. உயரம். லீவரை அழுத்தி நாற்காலியை அதன் கீழ்மட்டத்துக்கு இறக்கிப் பாருங்கள். எவ்வளவு ஏறும் என்பதை எல்லோரும் பார்க்கிறார்கள். நம் ஊர் உயரத்துக்கு எவ்வளவு இறங்கும் என்பதே முக்கியம். நீங்கள் உட்கார்ந்த பிறகு மெத்தை அமுங்குவதையும் கணக்கில் வைத்து அளக்க வேண்டும்.

2. ஆழம். முன்னே சொன்ன மூன்று விரல் சோதனை. சில நாற்காலிகளில் இருக்கையை முன்னும் பின்னும் தள்ளும் வசதி உண்டு. வீட்டில் உயரமான மகனும் குட்டையான தகப்பனாரும் ஒரே நாற்காலியில் உட்காருவதானால் அதற்குக் கூடுதல் விலை கொடுக்கலாம்.

3. இடுப்புப் பிடிப்பு. முதுகின் கீழ்ப்பக்கம், அரைஞாண் கட்டும் இடத்துக்குச் சற்று மேலே உட்குழிவு இருக்கிறது. சாய்மானத்தின் புடைப்பு அந்தக் குழிவில் வந்து பொருந்த வேண்டும். மேலே கீழே நகர்த்த முடிந்தால் நல்லது. அது இல்லாத நாற்காலியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டாலும் ஓரளவு பலன் கிடைக்கும்.

4. சாய்வு. செங்குத்தாக விறைத்து உட்கார வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். கொஞ்சம் பின்னால் சாய்ந்திருப்பதே முதுகுக்குச் சுகம். சாயும்போது நாற்காலி நம் எடைக்குத் தக்கபடி எதிர்த்துத் தாங்க வேண்டும். அடியில் இருக்கும் திருகைத் திருப்பி அதைக் கூட்டிக் குறைக்கலாம்.

5. கைப்பிடி. உயரம் மாற்றக்கூடியதாக இருக்கட்டும். மேசையில் இடித்து நாற்காலியை உள்ளே போகவிடாத கைப்பிடியைவிட, கைப்பிடி இல்லாததே மேல்.

6. இருக்கையும் துணியும். கட்டைவிரலால் மெத்தையை அழுத்திப் பாருங்கள். அடிப்பலகை உடனே தட்டுப்பட்டால் அது ஒரு வருஷத்துச் சரக்கு. திருச்சி வெயிலுக்கு ரெக்சின் உதவாது. காற்றுப் போகும் வலைத்துணி முதுகு வியர்வைக்கு நல்லது. நம் பெரியவர்கள் பிரம்பு பின்னிய நாற்காலி வைத்திருந்ததும் இதற்காகத்தான்.

7. அடிப்பாகம். ஐந்து கால் இருக்க வேண்டும். நாலு கால் சுழல் நாற்காலி ஓரமாகச் சாய்ந்தால் கவிழும். எத்தனை கிலோ தாங்கும் என்று கேளுங்கள். கேஸ் சிலிண்டர், சக்கரம் இரண்டும் தேய்கிற சாமான்கள். உதிரியாகக் கிடைக்குமா, யார் வந்து மாற்றுவார்கள் என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே கேட்க வேண்டும். மொசைக், டைல்ஸ் தரையில் கெட்டிச் சக்கரம் வழுக்கும், கீறும். ரப்பர்போல மெதுவான சக்கரம் கேட்டு வாங்குங்கள்.

8. வாசல். ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகளில் உள்கதவு குறுகல், மச்சுப்படி அதைவிடக் குறுகல். நாற்காலியின் அகலத்தையும் கதவின் அகலத்தையும் அளந்துவிட்டு வண்டியில் ஏற்றுங்கள்.

வேலை நாற்காலிகளுக்கு ஐ.எஸ். 17631 என்ற இந்தியத் தர நிர்ணயம் 2022-ல் வந்திருக்கிறது. விற்பவரிடம் அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால், அவரும் நம்மைத் தெரிந்தவர் என்று புரிந்துகொண்டு பேசுவார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கடையிலேயே பதினைந்து நிமிஷம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இரண்டு நிமிஷம் எந்த நாற்காலியும் சுகமாகத்தான் இருக்கும். உட்காரவே வழியில்லாமல் படத்தைப் பார்த்து வாங்குவதில் இந்த ஒரு வசதி கிடையாது. உள்ளூர்க் கடையில் வாங்குங்கள் என்று நான் சொல்வது நாமெல்லாம் வியாபாரிகள் என்பதற்காக மட்டும் அல்ல. உட்கார்ந்து பார்க்கலாம், பழுதானால் கொண்டுபோய்க் காட்டலாம்.

விலையும் வரியும்

நான் இரண்டாவது முறை வாங்கிய நாற்காலி 12,000 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. 2,160. மொத்தம் 14,160. வீட்டில் உள்ளவர்கள் மலைத்தார்கள். ஏழு வருஷம் உழைத்தால் ஒரு நாளைக்கு ஆறு ரூபாய்க்கும் குறைவு, ஒரு டீ விலைகூட இல்லை என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். மாறாக, நான் முதலில் வாங்கிய பாஸ் சேர் 7,000 ரூபாய்க்கு இரண்டே வருஷம்தான் இருந்தது. நாளுக்குப் பத்து ரூபாய்க்கு நெருக்கம், வலி இலவசம்.

தொழிலுக்காக வாங்குவதானால் ரசீதில் நம் ஜி.எஸ்.டி. எண்ணைப் போடச் சொல்லுங்கள். கட்டிய வரியை உள்ளீட்டு வரியாக வரவு வைக்கலாம். காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்கு இது கிடையாது. வீட்டு உபயோகத்துக்கு வாங்கியதையும் அப்படி எழுதக்கூடாது. வீட்டில் வைத்து இரண்டுக்கும் பயன்படுத்துவதானால் எவ்வளவு எழுதலாம் என்று ஆடிட்டரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

நல்ல நாற்காலியிலும் எழுந்திருக்க வேண்டும்

எவ்வளவு நல்ல நாற்காலியானாலும் அதிலேயே கிடக்கக்கூடாது. 1953-ல் லண்டனில் ஜெர்ரி மாரிஸ் என்ற டாக்டர் பஸ் ஊழியர்களை வைத்து ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார். ஒரே மாடி பஸ்ஸில் வேலை பார்க்கும் இருவரில், நாள் முழுவதும் உட்கார்ந்திருந்த டிரைவர்களுக்கு வந்த இருதய நோய், படியேறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த கண்டக்டர்களுக்குக் குறைவாக வந்தது. நம் கல்லாவில் உட்காருகிறவர் அந்த டிரைவர்தான். ஆகவே அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து நாலு அடி நடக்க வேண்டும். தண்ணீர்ச் செம்பை மேசையில் வைக்காமல் கூடத்தில் வைத்தேன். போனை நின்றுகொண்டே பேசுகிறேன். காலில் மரமரப்போ, பலவீனமோ, வலி தொடைக்குக் கீழே இறங்குவதோ இருந்தால் நாற்காலிக் கடைக்குப் போகாமல் டாக்டரிடம் போங்கள். அதோடு சிறுநீர், மலம் போவதில் மாற்றம் தெரிந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

தராசுப் பக்கத்தில் ஒரு முக்காலி

இதோடு கட்டுரையை முடித்திருப்பேன். ஆனால் முக்கியமான ஒன்று பாக்கி இருக்கிறது.

எங்கள் மண்டியில் எடைபோடுகிறவர் என் தகப்பனார் காலத்தில் சிறுபையனாக வந்து சேர்ந்தவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். எனக்கு அறுபது தாண்டியும் இன்றைக்கும் அவருக்கு நான் 'சின்ன முதலாளி'தான். புது நாற்காலி வந்த அன்று, நாள் கணக்கு நோட்டைக் கொடுக்க ஸ்ரீரங்கம் வீட்டுக்கு வந்தார். நான் பெருமையாக நாற்காலியைக் காட்டி, "அண்ணே, உட்கார்ந்து பாருங்க" என்றேன். அவர் உட்காரவில்லை. "நின்னே பழகிப்போச்சு சின்ன முதலாளி. உட்கார்ந்தா எந்திரிக்கத்தான் சிரமம்" என்றார். அப்போதுதான் மடித்துக் கட்டியிருந்த வேட்டிக்குக் கீழே அவர் கெண்டைக்காலைப் பார்த்தேன். நரம்பெல்லாம் சுருண்டு, முறுக்கிய சணல்கயிறு மாதிரி புடைத்திருந்தது. ஐம்பது வருஷத்துக்குமேல் தினம் பார்க்கும் மனிதர். அன்றைக்குத்தான் அந்தக் காலைப் பார்க்கிறேன்.

எங்கள் தராசுப் பக்கத்தில் என்றைக்கும் ஒரு முக்காலி இருந்ததில்லை. கொடுமைக்காக அல்ல. வாடிக்கையாளர் முன்னால் சிப்பந்தி உட்கார்ந்தால் மரியாதைக் குறைவு, கடையில் வியாபாரம் இல்லை என்று நினைப்பார்கள் என்று தகப்பனார் சொல்வார். அதையே நானும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள வழக்கம் அல்ல. இங்கிலாந்தில் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் நாள் முழுவதும் நின்றே தீர வேண்டியிருந்ததால், மூன்று பெண்களுக்கு ஓர் இருக்கையாவது வைக்க வேண்டும் என்று 1899-லேயே சட்டம் போட்டார்கள். கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவிலிருந்து விஜி என்ற தையல் தொழிலாளி, துணிக்கடைப் பெண்களைத் திரட்டி உட்காரும் உரிமை கேட்டுப் பல வருஷம் போராடினார். 2018-ல் அங்கே சட்டம் வந்தது. அடுத்ததாக நம் தமிழ்நாடு. 1947-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் 22-அ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். எல்லாப் பணியாளர்களுக்கும் தக்க இருக்கை வசதி கடையில் இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார முடிய வேண்டும் என்பது அதன் சாரம். வேலையை விட்டுவிட்டு உட்காரச் சொல்லவில்லை. வேலை இல்லாத நேரத்தில் நிற்க வைக்காதே என்றுதான் சொல்கிறது.

இதற்கு ஆகும் செலவு சொற்பம். பொட்டலம் மடிக்கும் மேடை 36 அங்குலம் இருந்தால், இருக்கை 25 அல்லது 26 அங்குல உயரத்தில் ஒரு முக்காலி. முதுகுக்குச் சின்னச் சாய்மானமும், கால் வைக்க இருக்கைக்கு 16 அங்குலம் கீழே ஒரு வளையமும் இருந்தால் போதும். உட்கார்ந்தபடியே பொட்டலம் கட்டலாம், ஆள் வந்தால் இறங்காமலே நிற்கும் உயரத்தில் பேசலாம். இடம் இல்லாத சின்னக் கடையில் மடக்கு முக்காலியைச் சுவரில் மாட்டி வைக்கலாம். கல்லாவில் உட்காருகிற நமக்கும் இதே கணக்குதான். கால் தொங்கக்கூடாது, முதுகுக்குப் பிடிப்பு வேண்டும்.

நான் முக்காலி செய்து தராசுப் பக்கத்தில் வைத்தேன். ஒரு வாரம் அவர் அதில் தன் துண்டைத்தான் போட்டு வைத்திருந்தார். பிறகு ஒரு நாள் மத்தியானம், லாரி வராத நேரம், உள்ளே போனேன். உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தார். "உட்காருங்கண்ணே" என்று சொல்லிவிட்டுக் கல்லாவுக்குப் போனேன். எழுந்திருக்கத் தேவையில்லை என்று அவருக்குப் பழக இன்னும் கொஞ்ச நாள் ஆயிற்று. வாடிக்கையாளர் ஒருவர்கூட இதுவரை குறை சொல்லவில்லை. பழைய சில்லரை வியாபாரி ஒருவர் மட்டும், "அந்த முக்காலி எங்கே செஞ்சீங்க?" என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார்.

ஆகவே இந்த வாரம் கடை அடைத்த பிறகு ஓர் இஞ்சு டேப்பை எடுங்கள். முழங்கால் உயரம், தொடை நீளம், முழங்கை உயரம், மேசை உயரம் ஆகிய நான்கையும் ஒரு சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தச் சீட்டோடு நாற்காலிக் கடைக்குப் போங்கள். அதே சீட்டின் பின்பக்கம், உங்கள் கடையில் நின்றுகொண்டே வேலை பார்ப்பவர்கள் எத்தனை பேர் என்பதையும் எழுதி, அத்தனை முக்காலிக்கும் சேர்த்து விலை கேளுங்கள்.